டேவிட் சூஷேயின் 'ஈவில் அண்டர் த சன்': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அகதா கிறிஸ்டியின் தீவு ஹோட்டல் கொலைக் கதையை, துப்பறிவாளர் புவாரோவாக டேவிட் சூஷே நடித்துத் தொலைக்காட்சிக்காக எடுத்த படம் இது. உறவுக்காரர்கள், நண்பர்கள் என்று ஏழெட்டுப் பேரையாவது உட்கார வைத்துப் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே சந்தேகங்கள், ஏறக்குறைய அதே வார்த்தைகளில். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிவைத்துவிட்டேன். முதல் பத்துக் கேள்விகளில் குற்றவாளி யார் என்று வராது. அதற்கப்புறம் வரும், அங்கே எச்சரிக்கை போட்டிருக்கிறேன்.

1. இது சினிமாவா, சீரியலா? எத்தனை எபிசோட் பார்க்கணும்?

ஒன்றே ஒன்று. பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சி 1989 முதல் 2013 வரை எடுத்த புவாரோ தொடரில் மொத்தம் 70 கதைகள். ஆரம்பத்தில் பெரும்பாலும் ஒரு மணி நேரக் கதைகள். நாவல்களை எடுத்தபோது ஒவ்வொன்றையும் முழுநீளப் படமாகவே எடுத்தார்கள். இது அப்படி ஒரு படம், தொடரின் எட்டாவது பருவத்தில் வந்தது, முதல் ஒளிபரப்பு 2001. திரைக்கதை ஆன்டனி ஹொரோவிட்ஸ், இயக்கம் பிரையன் ஃபார்ன்ஹம். ஒரு மதியத்தில் முடித்துவிடலாம்.

2. முன்னாடி வந்தது எதையும் நான் பார்க்கலை. புரியுமா?

புரியும். தெரிந்திருக்க வேண்டியது நாலு பேரைத்தான். புவாரோ பெல்ஜியத்துக்காரர், துப்பறிவாளர், மீசையில் உயிரையே வைத்திருப்பவர். கேப்டன் ஹேஸ்டிங்ஸ் (ஹ்யூ ஃப்ரேசர்) நல்ல மனுஷன், எல்லாவற்றையும் தப்பாகவே புரிந்துகொள்வார். தலைமை இன்ஸ்பெக்டர் ஜாப் (ஃபிலிப் ஜாக்சன்) ஸ்காட்லாந்து யார்டு, அதாவது லண்டன் போலீஸ். மிஸ் லெமன் (பாலின் மோரன்) புவாரோவின் செயலாளர், கோப்புகளை அடுக்கிவைப்பதில் புவாரோவையே மிஞ்சுபவர்.

தொடரை விரும்பிப் பார்த்தவர்களுக்கு இந்தப் படத்தின்மேல் தனிப் பாசம் உண்டு. இந்த நாலு பேரும் சேர்ந்து வருவது இதோடு நின்றுவிட்டது. 2003இல் தொடரின் தொனியே மாறி இருட்டாகிவிட்டது, புவாரோ தனி ஆளாகிவிட்டார். நால்வரையும் மறுபடி ஒன்றாகப் பார்க்க 2013இன் 'த பிக் ஃபோர்' வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

3. கொலைகாரன் பேரைச் சொல்லாம கதையைச் சொல்ல முடியுமா?

முடியும். இங்கிலாந்தின் டெவன் கடற்கரையை ஒட்டி ஒரு குட்டித் தீவு, அதில் ஒரு சொகுசு ஹோட்டல். விடுமுறைக்கு வந்தவர்களில் ஆர்லேனா ஸ்டூவர்ட் என்ற நடிகை இருக்கிறாள். அவள் நடந்தால் கடற்கரையே திரும்பிப் பார்க்கும். கூடவே கணவன் கென்னத் மார்ஷல், அவனுடைய முதல் தாரத்துப் பிள்ளை. பேட்ரிக் ரெட்ஃபெர்ன் என்ற இளைஞன் ஆர்லேனா பின்னாலேயே சுற்றுகிறான். அவன் மனைவி கிறிஸ்டீன் வெளுத்த முகத்தோடு ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறாள். வெயிலடித்த ஒரு காலையில் ஆர்லேனா தனியாக ஒரு சிறு படகில் ஒதுக்குப்புறமான குடாவுக்குப் போகிறாள். அங்கே கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடக்கிறாள். அவளைக் கொல்லக் காரணம் இருந்தவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் வேறு எங்கோ இருந்திருக்கிறார்கள்.

4. அந்த ஹோட்டல் நிஜமாவே இருக்கா, இல்ல செட்டா?

இருக்கிறது. படத்துக்கு நான் முதல் மதிப்பெண் கொடுப்பதே இதற்காகத்தான். தெற்கு டெவனில் பிக்பரி-ஆன்-சீ என்ற ஊருக்கு எதிரே இருக்கும் பர் தீவுதான் அது. கரையிலிருந்து சுமார் 250 மீட்டர். கடல் வற்றியிருக்கும்போது மணலில் நடந்தே போகலாம். நீர் ஏறிவிட்டால் தீவு தனியாகிவிடும். ஹோட்டலை 1929இல் திரைப்படத் தயாரிப்பாளர் ஆர்ச்சிபால்ட் நெட்டில்ஃபோல்ட் கட்டினார், வடிவமைத்தவர் மேத்யூ டாசன். தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைக் கப்பல் ஒன்று பாறைமேல் ஏறி நின்றுவிட்டது போல இருக்கும்.

கிறிஸ்டி பக்கத்து டார்க்கியில் பிறந்தவர், இந்தத் தீவுக்கு விருந்தாளியாக வந்து தங்கியவர். நாவலில் ஹோட்டலுக்கு 'ஜாலி ரோஜர்' என்று கடற்கொள்ளையர் கொடியின் பெயரையும், தீவுக்குக் கடத்தல்காரர் தீவு என்றும் பெயர் வைத்தார். அவருடைய 'அண்ட் தென் தேர் வேர் நன்' நாவலின் தீவுக்கும் இதுவே தூண்டுதல் என்பார்கள். ஆக, கதை எந்த இடத்தை மனதில் வைத்து எழுதப்பட்டதோ, அங்கேயே போய்ப் படம் எடுத்திருக்கிறார்கள். வெள்ளைச் சுவரும் சாம்பல் பாறையும் திடீரென்று மறையும் வெயிலும் எந்த செட்டிலும் கிடைக்காது.

5. கடல்ல டிராக்டர் மாதிரி ஒண்ணு ஓடுதே, அது என்ன?

டிராக்டரேதான். சக்கரங்கள் கடலடி மணலில் உருளும், ஆட்கள் தண்ணீருக்கு மேலே உயரமான மேடையில் நிற்பார்கள். நீர் ஏறிய நேரத்தில் தீவுக்குப் போக அதுதான் வண்டி. படத்துக்காகச் செய்த வேடிக்கை இல்லை, இன்றும் ஓடுகிறது. இப்போதைய வண்டியை 1969இல் வடிவமைத்தவர் ராபர்ட் ஜாக்சன், அணுமின் துறையில் முன்னோடிகளில் ஒருவர். கூலியாக அவர் வாங்கிக்கொண்டது ஒரு பெட்டி ஷாம்பெய்ன்.

1930களின் கதையில் 1969 வண்டி வருவது குற்றமா என்று ஒரு நண்பர் கேட்டார். முதல் வண்டி 1930லேயே வந்துவிட்டது, அதனால் விட்டுவிடலாம்.

6. தலைப்புக்கு என்ன அர்த்தம்? வெயிலுக்கும் கொலைக்கும் என்ன சம்பந்தம்?

விவிலியத்தின் பிரசங்கி நூலிலிருந்து எடுத்தது. தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு 'சூரியனுக்குக் கீழே' என்ற தொடர் பழகியிருக்கும், அந்த நூலில் திரும்பத் திரும்ப வரும். சூரியனுக்குக் கீழே கண்ட தீங்கைப் பற்றிய வசனம்தான் தலைப்புக்கு மூலம். வெயில் காய வந்தவர்கள் நடுவே தீங்கு என்பதால் தலைப்புக்கு இன்னொரு அர்த்தமும் தானாகவே ஒட்டிக்கொள்கிறது.

நாவலின் தொடக்கத்தில் ஒரு பேச்சு வரும். கடற்கரையில் வரிசையாகப் படுத்திருப்பவர்களைப் பார்த்து, இவர்கள் ஆண்களுமில்லை பெண்களுமில்லை, வெறும் உடம்புகள் என்கிற மாதிரி புவாரோ அலுத்துக்கொள்வார். பிணவறையில் கிடத்தியது போல இருக்கிறதாம். கிழவரின் முணுமுணுப்பு என்று தாண்டிப் போய்விடாதீர்கள். 17ஆவது கேள்வியில் அதற்குத் திரும்பி வருகிறேன்.

7. நாவல் 1941ல வந்ததுன்னா, யுத்தம் எங்கே?

கிறிஸ்டி அதை உள்ளே விடவில்லை. அந்த வருஷம் நிஜமான டெவன் கடற்கரை போர்ப் பாதுகாப்பில் இருந்தது; கதையில் எல்லோரும் வெயில் காய்கிறார்கள். பர் தீவு ஹோட்டலே போரின்போது காயம்பட்ட விமானப்படையினர் தேறி எழும் இடமாக இருந்தது, குண்டு விழுந்து மேல்மாடிகள் சேதமாயின. தொலைக்காட்சித் தொடருக்கு இதில் சிக்கலே இல்லை. நாவல் எந்த வருஷத்தில் வந்திருந்தாலும் அவர்கள் பெரும்பாலும் கதையை 1930களின் நடுவில்தான் வைத்தார்கள்.

8. புவாரோவுக்கு உடம்பு சரியில்லாம அங்கே போறாரே, அது நாவல்ல இருக்கா?

இல்லை. நாவலில் அவர் சும்மா விடுமுறைக்கு வந்தவர். படத்தில் ஹேஸ்டிங்ஸ் பணம் போட்ட அர்ஜென்டினா உணவகத்தில் புவாரோ மயங்கி விழுகிறார். எடை அதிகம், ஓய்வும் உணவுக் கட்டுப்பாடும் வேண்டும் என்று தீவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஹோட்டலும் உடம்பைத் தேற்றும் விடுதியாக மாறிவிடுகிறது, பெயரும் 'சாண்டி கோவ்' ஆகிவிடுகிறது. ஹேஸ்டிங்ஸ், ஜாப், மிஸ் லெமன் மூவரும் நாவலில் கிடையாது. படத்தில் ஹேஸ்டிங்ஸ் துணைக்குப் போகிறார், ஜாப் விசாரிக்க வருகிறார், மிஸ் லெமனுக்கும் தகவல் திரட்டும் வேலை உண்டு.

நாவலை நெஞ்சில் சுமப்பவர்கள் இந்த மயக்கக் காட்சியைத் திட்டுவார்கள். எனக்கு அது பிடிக்கும். கடற்கரையில் எல்லோருடைய உடம்பையும் பார்த்து அலுத்துக்கொள்ளும் மனிதரின் உடம்பை இங்கே மற்றவர்கள் அளக்கிறார்கள், எடை போடுகிறார்கள், குறை சொல்கிறார்கள். தெரிந்து செய்தார்களோ இல்லையோ, கதைக்கு அது பொருந்தி வருகிறது. தவிர, சூஷேயின் அந்தத் தொப்பை உடைக்குள் வைத்த பஞ்சுப் பொதி. அதற்குப் பத்தியச் சாப்பாடு போடுகிறார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வரும்.

9. பழைய சினிமா ஒண்ணும் இருக்காமே, எது நல்லது?

1982இல் கை ஹாமில்டன் இயக்கியது. புவாரோவாக பீட்டர் உஸ்டினோவ், ஆர்லேனாவாக டயானா ரிக், ஹோட்டல்காரியாக மேகி ஸ்மித். டெவனை விட்டுவிட்டுக் கதையை ஏட்ரியாடிக் கடலில் ஒரு கற்பனை நாட்டுக்குக் கொண்டுபோய், ஸ்பெயினின் மயோர்கா தீவில் படமாக்கினார்கள். பின்னணியில் முழுக்க அமெரிக்க இசையமைப்பாளர் கோல் போர்ட்டரின் மெட்டுகள். ஒருத்தரையொருத்தர் வார்த்தையால் குத்திக்கொள்ளும் சுகத்துக்கு அந்தப் படத்தை மிஞ்ச முடியாது.

நீல வானமும் நிச்சயமான வெயிலும் இருக்கிற இடத்தில் எல்லோரும் துணியில்லாமல் கிடப்பது சகஜம். டெவனில் அப்படி இல்லை. கிடைத்த வெயிலை வீணாக்கக் கூடாதென்று காத்துக் கிடந்து காய்கிறார்கள். அந்த ஏக்கம் கதைக்குத் தேவை. கொண்டாட்டத்துக்கு 1982, கதைக்கு 2001 என்பது என் கணக்கு.

10. நாவலை முதல்ல படிக்கவா, படத்தை முதல்ல பார்க்கவா?

நாவல். இது நேரக் கணக்கால் கட்டிய கதை. யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார்கள் என்பதைப் புரட்டிப் பார்த்துச் சரிபார்க்கப் புத்தகத்தில்தான் முடியும். படத்தில் அந்த விவரங்கள் ஓடிவிடும். படத்தை முதலில் பார்த்துவிட்டால் நாவலில் மிஞ்சுவது எப்படி ஏமாற்றினார் என்று ரசிப்பது மட்டுமே. அதுவும் சுகம்தான், ஆனால் ஏமாறும் சுகம் ஒரு தடவைதான் கிடைக்கும்.

படமோ நாவலோ ஒன்றையும் தொடாதவர்கள் இங்கேயே நிறுத்திவிடுங்கள். இதற்குக் கீழே முடிவு முழுக்க வெளியாகிறது.

11. நாவல்ல லிண்டான்னு ஒரு பொண்ணு இருந்தாளே? படத்துல அந்தப் பையன் யாரு?

மார்ஷலின் முதல் தாரத்து மகள் லிண்டாவைத்தான் படத்தில் லயனல் என்ற மகனாக மாற்றிவிட்டார்கள். நடித்தவர் ரஸ்ஸல் டோவி, அப்போது இளைஞர். நன்றாகவே நடித்தார், அவர்மேல் குறையில்லை. வேடிக்கை என்னவென்றால், 1982 சினிமாவில் லிண்டாவை அப்படியே வைத்துக்கொண்டு எமிலி ப்ரூஸ்டர் என்ற பெண்ணை ரெக்ஸ் என்ற ஆணாக்கினார்கள். யாராவது ஒருத்தரை மாற்றாவிட்டால் திரைக்கதை எழுதினவர்களுக்குத் தூக்கம் வராதோ என்னவோ.

இந்த மாற்றம் எனக்குப் பிடிக்கவில்லை. லிண்டாவுக்குப் பதினாறு வயது. கையும் காலும் எங்கே வைப்பதென்று தெரியாமல், தன் உடம்பையே வெறுத்து, அழகான சிற்றன்னை பக்கத்தில் நிற்கவே கூசும் பெண். சிற்றன்னை சாகட்டும் என்று மெழுகு பொம்மை செய்து ஊசி குத்துகிறாள். மறுபடி பார்த்தால் ஆர்லேனா நிஜமாகவே செத்துக் கிடக்கிறாள். தானே கொன்றுவிட்டதாக நம்பித் தூக்க மாத்திரையை விழுங்குகிறாள், அந்த நம்பிக்கையை ஊதி வளர்த்ததும் கொலைக்கு உடந்தையாக இருந்தவள்தான். ஒரு பையனை வைத்து, அவன்மேல் சந்தேகத்தை எழுப்பலாம். அந்தக் கூச்சத்தைக் கொண்டுவர முடியாது.

12. ரெண்டு தடவை பார்த்தும் கொலை எப்படி நடந்ததுன்னு குழப்பமா இருக்கு. மெதுவா சொல்லுங்க.

நாவலின்படி சொல்கிறேன், எலும்புக்கூடு இரண்டிலும் ஒன்றுதான். கொன்றவன் பேட்ரிக். துணை அவன் மனைவி கிறிஸ்டீன். கணவனைப் பறிகொடுத்த அப்பாவி என்று நாம் பரிதாபப்பட்ட அதே ஆள்.

காலையில் கிறிஸ்டீன் லிண்டாவின் கைக்கடிகாரத்தை ரகசியமாக 20 நிமிடம் முன்னால் தள்ளிவைக்கிறாள். லிண்டாவைக் கூட்டிக்கொண்டு ஒரு குடாவுக்குப் போகிறாள். மணி என்ன என்று கேட்கிறாள், லிண்டா பார்த்துப் பதினொன்றே முக்கால் என்கிறாள். உண்மையில் பதினொன்று இருபத்தைந்து. லிண்டா கடிகாரத்தைக் கழற்றிவைத்துவிட்டுக் கடலில் இறங்கியதும், கிறிஸ்டீன் அதைச் சரியாகத் திருப்பிவைத்துவிட்டு ஓடுகிறாள். இப்போது அவள் கையில் யாருடைய கணக்கிலும் இல்லாத 20 நிமிடம்.

ஆர்லேனா காத்திருக்கும் குடாவுக்கு ஏணி வழியாக இறங்குகிறாள். காதலனின் மனைவி வருவதைப் பார்த்த ஆர்லேனா குகைக்குள் ஒளிந்துகொள்கிறாள். கிறிஸ்டீன் அவளைப் போலவே நீச்சலுடையில், உடம்பெல்லாம் பழுப்புச் சாயத்தோடு, பெரிய பச்சைத் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு மணலில் பிணம் போலக் கிடக்கிறாள். பேட்ரிக் எமிலி ப்ரூஸ்டரைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்து 'பிணத்தை'க் கண்டுபிடிக்கிறான். எமிலி போலீசைக் கூப்பிடப் படகில் போகிறாள். கிறிஸ்டீன் எழுந்து ஓடுகிறாள், பன்னிரண்டு மணி டென்னிஸுக்கு நேரத்துக்குப் போய்ச் சேருகிறாள். பேட்ரிக் குகையிலிருந்து ஆர்லேனாவைக் கூப்பிட்டு, அப்போதுதான் கொல்கிறான்.

13. எமிலி கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்திருந்தா எல்லாம் போச்சே?

ஆமாம், அதனால்தான் பேட்ரிக் முந்திக்கொண்டு மண்டியிடுகிறான், கையைத் தொடுகிறான், செத்துவிட்டாள் என்று தழுதழுக்கிறான். காதலியின் பிணத்தருகே உட்கார்ந்திருப்பவனைத் தள்ளிவிட்டு நாடி பிடித்துப் பார்க்க யாருக்குத் தைரியம் வரும்? ஒருத்தர் இங்கே இருக்க வேண்டும், ஒருத்தர் போக வேண்டும் என்றதும், கொலை நடந்த இடத்தில் தனியாக நிற்க எமிலி தயங்குகிறாள். அந்தத் தயக்கத்தை நம்பித்தான் திட்டமே. ஆபத்தான திட்டம் என்பது உண்மை.

14. செத்த நேரத்தை டாக்டர் கண்டுபிடிக்க மாட்டாரா?

'கண்டுபிடித்த' நேரத்துக்கும் உண்மையில் கொன்ற நேரத்துக்கும் சில நிமிடங்கள்தான் வித்தியாசம். எந்த டாக்டராலும் அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது.

15. பாட்டில், குளியல் தண்ணி, சென்ட்டு வாசனை... இதெல்லாம் எதுக்கு வருது?

12ஆவது பதிலை வைத்துப் பாருங்கள். பழுப்புச் சாய பாட்டிலைக் கிறிஸ்டீன் ஜன்னல் வழியாகக் கடலில் எறிந்தாள்; அது கீழே நீந்திக்கொண்டிருந்த எமிலியின் தலையில் விழாமல் தப்பியது. சாயத்தைக் கழுவ நடுப்பகலில் குளித்தாள். குழாயில் தண்ணீர் ஓடிய சத்தம் கேட்டது, ஆனால் குளித்ததாக யாருமே ஒப்புக்கொள்ளவில்லை. குகைக்குள் புவாரோவுக்கு ஆர்லேனாவின் சென்ட் வாசனை வந்தது. ஆக அவள் உள்ளே இருந்திருக்கிறாள். எல்லாமே நம் கண்ணெதிரே போட்டது. வெளுத்த பெண் ஏன் எப்போதும் நீளக் கையுள்ள உடையிலேயே திரிகிறாள் என்று நாம் கேட்டிருக்கலாம். வெயில் ஒத்துக்கொள்ளாது என்று அவளே சொன்னதால் விட்டுவிட்டோம்.

16. ஆலிஸ் காரிகன் கேஸை எதுக்கு நடுவுல நுழைக்கிறாங்க?

அதுதான் சாட்சியம். 12இல் சொன்னது அவ்வளவும் ஊகம், நீதிமன்றத்தில் நிற்காது. ஆலிஸ் முன்பு கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டவள். கணவனுக்கு அசைக்க முடியாத அலிபி, அதாவது அந்த நேரத்தில் வேறு இடத்தில் இருந்ததற்கான சாட்சி, இருந்தது. பிணத்தைக் கண்டதாகச் சொன்னவள் வழிப்போக்கியாக வந்த ஒரு பெண். புகைப்படம் வந்து பார்த்தால் அந்தக் கணவன் பேட்ரிக், அந்த வழிப்போக்கி கிறிஸ்டீன். ஆலிஸ் உயிரோடு இருக்கும்போதே கிறிஸ்டீன் 'பிணத்தை'க் கண்டுபிடித்துவிட்டாள்! இங்கேயும் அதே வித்தைதான், கொஞ்சம் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

இந்த முக்கோணத்தை வேறு எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறது என்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்டியின் 'ட்ரையாங்கிள் அட் ரோட்ஸ்' என்ற சிறுகதையில் இதே இரண்டு ஜோடிகள், இதே கடற்கரை, இதே தப்பான பரிதாபம். சூஷே தொடரின் முதல் பருவத்திலேயே, 1989இல், அதை எடுத்துவிட்டார்கள்.

17. அடுத்தவ புருஷனைக் கெடுத்தவதானே ஆர்லேனா? அவளுக்காக ஏன் பரிதாபப்படணும்?

இந்தக் கேள்வியை என் சித்தி கேட்டார், படம் முடிந்து காபி ஆறும்வரை விடவில்லை. தீவில் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். பாதிரியார் லேன் அவளைத் தீமையின் உருவம் என்றே பார்க்கிறார். புவாரோ ஒருத்தர்தான் வேறு மாதிரிப் பார்க்கிறார். ஆண்கள் பின்னால் வருவார்கள், சலித்துப் போவார்கள், போய்விடுவார்கள். அவளால் யாரையும் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம். பேட்ரிக் அப்படித்தான் அவளுக்கு வந்த பரம்பரைச் சொத்தின் பெரும்பகுதியைக் கறந்தான், அது வெளியே வருமுன் கொன்றான். வேட்டைக்காரி என்று எல்லோரும் நினைத்தவள்தான் அங்கே இரை.

6ஆவது பதிலில் சொன்ன உடம்புப் பேச்சுக்கு வருவோம். அத்தனை நாள் எல்லோரும் ஆர்லேனாவின் உடம்பைத்தான் பார்த்தார்கள், முகத்தை யாரும் பார்க்கவில்லை. அதனால்தான் பழுப்பாக ஒரு முதுகு, ஒரு பச்சைத் தொப்பி, இரண்டையும் மணலில் போட்டதும் அவள்தான் என்று நம்பிவிட்டார்கள். கொலைத் திட்டம் முழுக்க அந்த ஒரு அலட்சியத்தின்மேல் நிற்கிறது. புவாரோ தொடக்கத்தில் முணுமுணுத்ததில் பாதி விடை இருந்தது, அவருக்கே அப்போது தெரியாது.

சித்தி கேட்டுவிட்டு, "இருந்தாலும்..." என்று ஆரம்பித்தார். சரி, இன்னொரு தரம் போடுகிறேன் என்று முதலிலிருந்து ஓடவிட்டேன். இந்த முறை அவர் ஆர்லேனாவை விட்டுவிட்டுக் கிறிஸ்டீன் வரும் காட்சிகளிலெல்லாம் நிறுத்து நிறுத்து என்றார். "பாவம்னு நெனச்சேனே, கையைப் பாருடா அவளுக்கு, என்ன பலம்!"